அழுத்துவதற்கு முன் வரவேண்டிய வரி



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு நம் இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நகரியிலிருந்து, புத்தூரிலிருந்து, குப்பத்திலிருந்து, இங்கே சந்திரகிரி பஜாரிலிருந்தும்கூட. "கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. புது விண்டோஸ் ஏறாதுன்னு கடைக்காரர் சொல்றார். தூக்கிப் போடறதுதான் வழியா?"

வேண்டியதில்லை. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய பிராசசரையும். 2015, 2016-இல் வாங்கிய பல கணினிகளில் அவை கிடையாது. அதனால் அந்தக் கணினி கெட்டுவிட்டதாக ஆகாது. அப்படிக் கேட்டவர்களுக்கு டெபியன் லினக்ஸைப் பரிந்துரைத்தோம். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம் அது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். காசு கொடுக்க வேண்டாம். நம்மில் பலருக்குத் தெரிந்த உபுண்டு அதன்மேல் கட்டியதுதான். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அப்படியே. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் இருந்த அதே பாஸ்.

பரிந்துரைத்து முடித்ததும் இரண்டாம் சுற்றுக் கடிதங்கள் வந்தன. கைக்குக் கிடைத்த ஒரு வழிகாட்டியைப் படித்தோம், அதில் சொன்னபடி செய்தோம், பாதியில் நிற்கிறோம் என்றார்கள். ஒருவர் வீட்டுப் புகைப்படங்கள் அத்தனையும் போய்விட்டன என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம் என்னை உலுக்கிவிட்டது. அவர் கவனமில்லாதவர் அல்லர். தாம் படித்த வரியை அப்படியே எடுத்து எழுதி அனுப்பியிருந்தார். 'வட்டு முழுவதையும் பயன்படுத்தும் தெரிவைத் தேர்ந்தெடுக்கவும். இதனால் தரவு இழப்பு ஏற்படக்கூடும்.' இவ்வளவுதான் அதில் இருந்தது.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நம் ஊர்க்காரர் எப்படிப் படிப்பார் என்று யோசியுங்கள். நம் பக்கத்தில் 'ஓஎஸ் போடுவது' என்றால் கடைக்காரர் சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடிப்பார். போட்டோ, டேலி கணக்கு, கல்யாண வீடியோ எல்லாம் டி டிரைவில் இருக்கும், அதைத் தொடமாட்டார். இருபது வருஷமாகப் பழகிய நம்பிக்கை இது. 'வட்டு முழுவதும்' என்று படித்தவர் சி முழுவதும் என்றுதான் புரிந்துகொள்வார். சியும் டியும் ஒரே வட்டை இரண்டாகப் பிரித்தவை என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய தேவையும் அதுவரை வந்ததில்லை. அடுத்து, 'ஏற்படக்கூடும்' என்ற சொல். மழை வரக்கூடும் என்பதுபோல அது ஒலிக்கிறது. இங்கே 'கூடும்' என்பதற்கு இடமே இல்லை. கட்டாயம் அழியும். மூன்றாவதாக, எச்சரிக்கை வரும் இடம். 'தேர்ந்தெடுக்கவும்' என்று படித்த உடனே கை போய்விடும். எச்சரிக்கை அதற்குப் பிறகு வந்தால் அது இரங்கல் செய்திதான்.

நம் இதழில் பாகம் பாகமாக வெளியிடவிருக்கும் நிறுவல் கையேட்டில் நாங்கள் இப்படி எழுதலாம் என்று இருக்கிறோம்: 'அடுத்த திரையில், டிஸ்க் முழுவதையும் பயன்படுத்தவா என்று கேட்கும். அதற்குச் சரி என்றால் சி, டி, இ என்று இதுவரை நீங்கள் பார்த்த எல்லா டிரைவும் அழியும். போட்டோ, கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ் நகல் எதுவும் திரும்ப வராது. இவையெல்லாம் ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட்டிஸ்க்கிலோ இருக்கின்றனவா? அதைத் திறந்து பார்த்துவிட்டீர்களா? பார்த்தபிறகு மேலே போங்கள்.' முன்னதைவிட நீளம்தான். கையேட்டில் சுருக்கம் நல்லது என்பார்கள். உண்மைதான், ஆனால் இந்த ஓர் இடத்தில் சுருக்கத்துக்கு விலை மிக அதிகம். 'திறந்து பார்த்துவிட்டீர்களா' என்பதை வேண்டுமென்றே சேர்த்தோம். நகல் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை மட்டும் பென்டிரைவில் போட்டவர்கள் உண்டு.

டெபியனின் அதிகாரபூர்வ நிறுவல் கையேட்டைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. உள்ளதை எல்லாம் நகலெடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் கையேடு மூன்றாம் அத்தியாயத்திலேயே தனித் தலைப்பிட்டுச் சொல்கிறது. வட்டைப் பிரிக்கும் படி வருவது ஆறாம் அத்தியாயத்தில். முதல் பக்கத்திலிருந்து படிப்பவருக்கு எந்தக் குறையும் இல்லை. நம் வாசகர்கள் அப்படிப் படிப்பதில்லை. எங்கே சிக்கினார்களோ அந்தப் பக்கத்தை மட்டும் தேடிப்பிடித்துப் படிக்கிறார்கள். நாம் எல்லோருமே அப்படித்தான். ஆகவே ஓர் எச்சரிக்கை ஒருமுறை வந்தால் போதாது. ஆபத்து இருக்கிற ஒவ்வொரு படியின் தலையிலும் அது திரும்ப வரவேண்டும்.

நிறுவும் மென்பொருளின் திரைகளோ இந்த விஷயத்தில் நமக்கே பாடம் சொல்கின்றன. எந்த வட்டு என்று கேட்கும் திரையில், இதிலுள்ள அனைத்தும் அழியும், ஆனால் நீங்கள் உறுதிசெய்யும் வரை எதுவும் எழுதப்படாது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆபத்தையும் சொன்னார்கள், இன்னும் திரும்பிப்போக நேரம் இருக்கிறது என்பதையும் சொன்னார்கள். பயந்திருப்பவருக்கு இந்த இரண்டாவது பாதி எவ்வளவு பெரிய ஆறுதல்! கடைசியாக, மாற்றங்களை வட்டில் எழுதவா என்று கேட்கும்போது முன்கூட்டியே தேர்ந்திருக்கும் பதில் 'இல்லை'. எழுதியவர்கள் வாசகர் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அதே டெபியனில் பல ஆண்டுகள் பலரையும் தடுக்கிவிட்ட ஒரு திரையும் இருந்தது. நிர்வாகி, அதாவது 'ரூட்', கணக்குக்குக் கடவுச்சொல் கேட்கும் திரை. எளிதில் ஊகிக்க முடியாததாக வையுங்கள் என்று நீளமாக அறிவுரை சொல்லிக்கொண்டே வந்து, ரூட் பயனருக்குக் கடவுச்சொல் காலியாக இருக்கக்கூடாது என்று முடிக்கும். அதற்கு அடுத்த வரியே, இதைக் காலியாக விட்டால் ரூட் கணக்கு முடக்கப்பட்டு, முதல் பயனருக்கே நிர்வாக உரிமை கிடைக்கும் என்று சொல்லும். முதல் வரி தடுக்கிறது, இரண்டாம் வரி வழிவிடுகிறது. இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல். காலிக் கடவுச்சொல்லோடு ஒரு நிர்வாகி கணக்கு திறந்துகிடப்பது ஆபத்து. கட்டத்தைக் காலியாக விடுவதோ அந்தக் கணக்கையே பூட்டிவிடும். இந்த வேறுபாடு தெரிந்தவருக்கு அந்தத் திரை தேவையே இல்லை. தெரியாதவர் பயந்து ஏதோ ஒரு கடவுச்சொல்லைப் போட்டுவிடுவார். நிறுவி முடிந்தபிறகு, நிர்வாக உரிமையைக் கேட்டு 'சூடோ' என்று தொடங்கும் எந்தக் கட்டளையும் வேலை செய்யாது. எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் கட்டளைகள் சூடோவில்தான் தொடங்கும். கணினி பழுது, மென்பொருள் பழுது, நமக்கு இது வராது என்று வரிசையாக முடிவுகட்டி விலகியவர்களை நான் அறிவேன். அத்தனைக்கும் மூலம் இரண்டு வாக்கியங்களின் அண்டைவாசம்.

2025 ஆகஸ்ட் 9-இல் வந்த டெபியன் 13-இல் அந்தத் திரையைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். ஏதோ ஒரு கணக்குக்கு நிர்வாக உரிமை இருந்தாக வேண்டும் என்று முதலில் நிலைமையைச் சொல்கிறார்கள். பிறகு இரண்டு வழிகள்: ரூட் கணக்குக்கு இங்கே கடவுச்சொல் வைக்கலாம், அல்லது காலியாக விட்டு அதைப் பூட்டிவிட்டு, அடுத்த படியில் உருவாக்கும் உங்கள் கணக்கையே பயன்படுத்தலாம். நீங்கள் தட்டுவது திரையில் தெரியாது என்ற குறிப்பும் உண்டு. மென்பொருள் செய்யும் வேலை முன்பு எப்படியோ இப்போதும் அப்படியே. மாறியவை வாக்கியங்கள் மட்டும். அதை உட்கார்ந்து எழுதிய தன்னார்வலர்களுக்கு இந்தப் பக்கத்திலிருந்து நன்றி.

இந்த நல்ல காரியத்துக்கு ஒரு பின்விளைவு உண்டு, அது நேராக நம்மைத் தொடுகிறது. ஆங்கில மூலத்தில் ஒரு பத்தி மாறினால், அதற்கு முன்பு செய்திருந்த மொழிபெயர்ப்பு 'சந்தேகத்துக்குரியது' என்று குறிக்கப்பட்டு ஒதுக்கப்படும். யாராவது பார்த்துச் சரிசெய்து அனுப்பும்வரை அந்த இடத்தில் ஆங்கிலமே தெரியும். டெபியன் நிறுவியில் தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு. தமிழைத் தேர்ந்து வந்துகொண்டிருப்பவருக்கு நடுவில் ஒரு பத்தி ஆங்கிலத்தில் வந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான். ஒருமுறை தமிழாக்கிவிட்டோம், வேலை முடிந்தது என்று இந்தத் துறையில் சொல்லவே முடியாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் மறுபடி உட்கார வேண்டும். நம் வாசகர்களில் சிலர் அந்த யாரோ ஒருவராக வேண்டும் என்பது என் ஆசை.

போகிற போக்கில் ஒன்று: தமிழ், தெலுங்கு போன்ற எழுத்துகளை வெறும் எழுத்துத் திரையில் காட்ட முடியாது. வரைகலை முறையில் நிறுவினால்தான் பட்டியலில் தமிழ் வரும். 'தமிழ் இருக்குன்னீங்க, காணோமே' என்று கேட்டவர்கள் முதல் திரையில் வரைகலை இல்லாத இரண்டாவது வரியைத் தேர்ந்தவர்கள். கையேட்டில் இதற்கு ஒரு வரி போதும்.

இன்னொரு தடுக்கல், கோப்பின் பெயரிலேயே. டெபியனைத் தரவிறக்கப் போனால் 'ஏஎம்டி64' என்று இருக்கும். பெட்டியில் இன்டெல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, இது நமக்கானது இல்லை என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். இந்த 64-பிட் வடிவமைப்பை முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி நிறுவனம், பிறகு இன்டெலும் அதையே எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. இந்த வரலாறு வாசகருக்கு அப்போது வேண்டாம். 'உங்கள் கணினியில் இன்டெல் என்று எழுதியிருந்தாலும் இதே கோப்புதான்' என்பது போதும்.

32-பிட் விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. டெபியன் 13-இல் 32-பிட் பிராசசர்களுக்கான நிறுவியை எடுத்துவிட்டார்கள். மிகப் பழைய கணினி வைத்திருப்பவர் முதலில் இதைப் பார்த்தாக வேண்டும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் 'சிஸ்டம் டைப்' என்ற வரி இருக்கும். அந்த வரியில் இரண்டு பாதி. முதல் பாதி இப்போது போட்டிருக்கும் விண்டோஸைச் சொல்கிறது, இரண்டாம் பாதி பிராசசரைச் சொல்கிறது. 64-பிட் பிராசசரில் 32-பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்த கணினிகள் நம் ஊர்களில் ஏராளம். '32-பிட் என்று இருந்தால் முடியாது' என்று எழுதினால் நல்ல கணினியைப் பழைய இரும்புக்குப் போட வைத்துவிடுவோம். 'கமாவுக்குப் பிறகு இருப்பதைப் படியுங்கள். எக்ஸ்64 என்று இருந்தால் கவலை வேண்டாம்' என்று எழுதவேண்டும்.

சில சமயம் எவ்வளவு நன்றாக எழுதினாலும் உதவாது, படியையே எடுத்துவிடுவதுதான் நல்லது. முன்பெல்லாம் டெபியன் நிறுவும்போது வைஃபை வேலை செய்யாமல் போவது சாதாரணம். அதை இயக்கும் சிறு மென்பொருளான ஃபர்ம்வேரை வேறு பென்டிரைவில் தேடிக் கொண்டுவர வேண்டும். அதை விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஃபர்ம்வேரை நிறுவல் கோப்பில் சேர்ப்பதில்லை என்ற விதியை 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவல் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது. அத்தனை பக்கங்களும் பெரும்பாலானோருக்கு அன்றோடு தேவையற்றுப் போயின.

மறுபுறம், எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இல்லாத சில வரிகள் நம் கையேட்டில் இருந்தே ஆகவேண்டும். பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போயிருக்கும், எப்போதும் சார்ஜரோடுதான் ஓடும். வட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கதை முடிந்தது. 'சார்ஜரை எடுத்துவிட்டுப் பாருங்கள். கணினி அணைந்துவிட்டால், யுபிஎஸ் உள்ள இடத்துக்குப் போய்ச் செய்யுங்கள்' என்பதை முதல் பக்கத்தில் வைக்கப்போகிறோம். அடுத்தது, இணையம். உபுண்டு குறுந்தகடு தபாலில் இலவசமாக வீட்டுக்கு வந்த காலம் 2011-ஓடு முடிந்துவிட்டது. டெபியனின் 'நெட்இன்ஸ்ட்' கோப்பு 1 ஜிபிக்கும் குறைவுதான். ஆனால் மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து இழுக்கும். அலைபேசி ஹாட்ஸ்பாட்டில், நாள் கணக்கு டேட்டாவை வைத்துக்கொண்டு உட்கார்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பாதி வழியில் டேட்டா தீர்ந்து நின்றுபோவார். எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் அப்படியே. திரை கொஞ்சநேரம் அசையாமல் இருந்தால் தொங்கிவிட்டது என்று பவர் பட்டனை அழுத்துகிறவர்களைத் தடுக்க, 'இந்த இடத்தில் பட்டை நகராமல் நிற்கும், அது சரிதான்' என்ற வாக்கியமே வழி.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட விரும்புகிறவர்கள், பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டே தொடங்கவேண்டும். இதற்குத் தனி அத்தியாயம் வரும்.

நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் எழுதும் படியில் இருக்கும் ஓர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கையேடுகளில் கட்டளையின் கடைசியில் 'எஸ்டிஎக்ஸ்' என்று இருக்கும். அந்த எக்ஸுக்குப் பதில் உங்கள் பென்டிரைவின் எழுத்தைப் போடவேண்டும் என்பது எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் தெரியும். புதியவர் எக்ஸையே தட்டுவார். அது போகட்டும், ஒன்றும் கெடாது. இன்னொருவர் எங்கோ பார்த்த மாதிரியிலிருந்து 'எஸ்டிஏ' என்று தட்டிவிட்டால், பல கணினிகளில் அது உள்ளே இருக்கும் ஹார்ட்டிஸ்க். நாங்கள் அந்தக் கட்டளையையே தரப்போவதில்லை. நம் வாசகர்கள் விண்டோஸிலிருந்துதான் தொடங்குவார்கள். பென்டிரைவைப் பெயரும் அளவும் காட்டித் தேர்ந்துகொள்ளச் சொல்லும் ரூஃபஸ் போன்ற கருவியை வைத்தே விளக்குவோம்.

இனி எனக்கு மிக நெருக்கமான விஷயம். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, திருப்பதியும் சந்திரகிரியும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. இங்கே தமிழ் பேசும் வீடுகளில் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். பேசுவது தமிழ், வாசிப்பது வேறு. தமிழ் சரளமாகப் படிப்பவர் தாத்தாவோ பாட்டியோதான். ஆக, நாம் அச்சிடப்போகும் கையேட்டைத் தாத்தா உரக்கப் படிப்பார், பேத்தி மௌஸைப் பிடித்திருப்பாள். "தாத்தா, இன்னொரு வாட்டி சொல்லுங்க, எங்க அழுத்தணும்?" என்பாள். இந்த இருவருக்காகவும் எழுதும்போது வாக்கியமே மாறிவிடுகிறது. காதால் கேட்டுச் செய்யவேண்டும் என்றால் ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைக்குமேல் தாங்காது. அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தாத்தா படிப்பாரா, தாண்டிவிடுவாரா என்று தெரியாது. அதனால் முக்கியமான எதுவும் அதற்குள் போகக்கூடாது. 'மேற்கண்ட', 'கீழ்க்காணும்' என்பவை பேத்திக்கு எதையும் காட்டா. திரையில் ஆங்கிலத்தில் 'கன்டினியூ' என்று இருந்தால் தாத்தாவும் 'கன்டினியூ' என்றே படிக்கவேண்டும், அப்போதுதான் அவள் கண் அதைத் தேடிப் பிடிக்கும். அந்த இடத்தில் 'தொடர்க' என்று அச்சிட்டால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். திரையைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு அதில் வரும் தமிழ்ச் சொல்லையும் பக்கத்திலேயே கொடுப்போம்.

கலைச்சொல்லாக்கத்தில் எனக்கு மதிப்பு உண்டு. 2012 ஜனவரியிலிருந்து கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவரும் 'கணியம்' மின்னிதழும், 'எளிய தமிழில்' என்ற பெயரில் வந்த நித்யாவின் நூல்களும் போட்ட பாதையில்தான் நாமும் நடக்கிறோம். விளக்கக் கட்டுரையில் நல்ல தமிழ்ச் சொல்லைத் தாராளமாகப் புழங்கலாம், வாசகர் நிதானமாகப் பழகிக்கொள்வார். நிறுவல் கையேட்டைப் படிப்பவருக்கு அந்த நிதானம் கிடையாது. அவருடைய ஒரே கணினி பாதி அழிந்த நிலையில் எதிரே இருக்கிறது.

அடுத்த இதழில் முதல் பாகம் வரும். அதற்கு முன் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். முதல் பாகத்தின் வரைவை, கேட்கும் வாசகர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புகிறோம். அதை நீங்கள் படித்து 'நன்றாக இருக்கிறது' என்று எழுதவேண்டாம். கணினியில் இதுவரை ஓஎஸ் போட்டுப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். போனாலும் பரவாயில்லை என்ற பழைய கணினியாக இருக்கட்டும். அவர் பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். எந்த வரியில் அவர் நிறுத்தி மறுபடி படிக்கிறாரோ, எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அவர் கேட்ட கேள்வியை அவர் வாயால் வந்தபடியே எழுதுங்கள், திருத்தவேண்டாம். தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலேயே எழுதுங்கள். கோடு போட்ட அந்தத் தாள்கள் எங்களுக்குத் திரும்பி வரவேண்டும். ஒரே வரியில் நாலைந்து பேர் கோடு போட்டிருந்தால் அந்த வரியை நாங்கள் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதுவோம். திருத்தியதை டெபியன் கையேட்டைப் பராமரிப்பவர்களுக்கும் வழு அறிக்கையாக அனுப்புவோம். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற வாசலை அவர்கள் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

முதல் பாகத்தில் டெபியனைப் பென்டிரைவில் எழுதும் வேலைகூட வராது. நகல் எடுப்பது, எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது, பேட்டரியைச் சோதிப்பது, சிஸ்டம் டைப் வரியைப் படிப்பது, இந்த நான்கும்தான். வரைவு வேண்டுவோர் இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் ஓர் அஞ்சலட்டை போடுங்கள். பெயர், ஊர் இவற்றோடு, உங்கள் வீட்டில் யார் படிப்பார், யார் மௌஸைப் பிடிப்பார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்
சந்திரகிரி